மாஸ்டர் போட்ட ஓகே

கந்தவேல் ஓகே போடாமல் அந்தச் சாயப்பட்டறையை விட்டு ஒரு கிலோ துணி வெளியே போனது கிடையாது. இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். மண்ணரைக்குப் பின்னால் இருந்த அந்தப் பட்டறையின் முதலாளியே வந்து, “லாரி நிக்குதுங்க மாஸ்டர்” என்று கையைப் பிசைந்தாலும் அவர் அசைய மாட்டார். மெஷினிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குத் துணியை வெட்டி எடுத்து, அலசி, இஸ்திரி போட்டுக் காயவைத்து, வெளிநாட்டுக்காரன் அனுப்பிய சாம்பிள் துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, விளக்குப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்ப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்றால் அதுதான். இரண்டும் ஒத்துப்போனால் அட்டையில் பச்சைப் பேனாவால் ‘ஓகே’ என்று எழுதிக் கீழே சின்னதாக ஒரு ‘க’ போடுவார். பட்டறையில் பச்சை மை அவருக்கு மட்டும்தான்.

அந்தக் ‘க’ விழுந்த பிறகு மெஷினில் இருக்கிற சாயத்தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அதற்கப்புறம் ஒரு கிராம் சாயம்கூட உள்ளே போகக் கூடாது. போனால் ஷேடு, அதாவது நிறம், தூக்கிவிடும், ஐந்நூறு கிலோ துணியும் பாழ். எப்போது கொட்டுவது என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவன்தான் மாஸ்டர். இதைக் கந்தவேல் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் தமிழிலும் அரைகுறை இந்தியிலும் சொல்லுவார்.

இதை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மனுஷன் எந்த வேலையில் கெட்டிக்காரனோ, அந்த வேலையின் புத்தியைத்தான் போகிற இடத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போவான். கந்தவேலும் தூக்கிக்கொண்டு போனார். அவர் போன இடம் ஆஸ்பத்திரி.

ஐம்பத்து மூன்றாவது வயதில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அவர் வேலைக்குத் திரும்பிய எட்டாவது மாதம், அதே பட்டறையில் பாய்லர் பார்க்கிற ஆறுச்சாமிக்கும் அதே கதை. ஆறுச்சாமி அவரைவிட நாலு வயது மூத்தவர். இருந்தாலும் “மாஸ்டர்” என்றுதான் கூப்பிடுவார்; கந்தவேல் அவரை “அண்ணா” என்பார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஆறுச்சாமிக்கு, ஸ்டென்ட் வைத்த பிறகு எதைத் தின்னலாம், எதைத் தூக்கக் கூடாது, மாடிப்படி ஏறலாமா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எடுத்தவர் கந்தவேல்தான். அதிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே டாக்டர், ஒரே மாத்திரை, செக்கப்புக்கும் ஒரே நாள். கந்தவேல் பைக் ஓட்ட, இரண்டு பேரின் காகிதங்களையும் மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஆறுச்சாமி பின்னால் உட்கார்ந்து வருவார்.

சென்ற ஜனவரியில் அப்படிப் போனபோதுதான் டாக்டர் சித்ரகலா மருந்தை மாற்றினார்.

“ரெண்டு பேருக்கும் கெட்ட கொழுப்பு தொண்ணூறுக்கு மேலயே நிக்குதுங்க,” என்றார் டாக்டர். “ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு அது அம்பத்தஞ்சுக்குக் கீழ வரணும். அதான் நம்ம டார்கெட்.”

“அப்ப மாத்திரைய டபுளாக் குடுத்துருங்க மேடம்,” என்றார் ஆறுச்சாமி.

“டபுள் பண்ணினா இன்னும் கொஞ்சம்தான் இறங்கும். அதுக்குப் பதிலா வேற ஒரு மருந்தைக் கூடச் சேர்த்தா நல்லா இறங்கும். இப்ப நீங்க போடற ரோசுவாஸ்டாடின், கல்லீரல் கொழுப்பு செய்யறதைக் குறைக்குது. சேர்க்கப்போற எசெடிமைப், குடல் கொழுப்பை உறிஞ்சறதைத் தடுக்குது. ரெண்டும் சேர்ந்து ஒரே மாத்திரையா வருது. தினம் ஒண்ணு போதும்.”

கந்தவேலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி பாஷை புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தவருக்கு, முதல் தடவையாக டாக்டர் தன் பாஷையில் பேசுகிற மாதிரி இருந்தது.

“சரியாச் சொன்னீங்க மேடம்,” என்றார். “ஒரே சாயத்தை ரெண்டு பங்கு கொட்டினா பாதி சாக்கடைக்குத்தானுங்க போகும். கூட ரெண்டாவது கலர் சேத்தாத்தான் ஷேடு புடிக்கும்.”

டாக்டர் சிரித்துவிட்டார். “அப்படியே வெச்சுக்குங்க,” என்றார்.

வினை அங்கேதான் முளைத்தது. டாக்டர் மேல் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு பேரும் எழுந்து நாற்காலியைப் பின்னால் தள்ளும்போது, “இதை விடவே கூடாதுங்க, ஆயுசுக்கும்,” என்று சொல்லத்தான் செய்தார். அது இரண்டு பேர் காதிலும் விழுந்தது. ஆனால் கந்தவேலின் மண்டையில் ஷேடும் டார்கெட்டும் ஏற்கெனவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டன. ஆயுசுக்கு அங்கே இடமில்லை.

மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் ரிப்போர்ட்டுகளை ஆறுச்சாமிதான் வாங்கி வந்தார். பாய்லருக்கு முன்னால் விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தவர், கந்தவேல் வந்ததும் எழுந்து தன்னுடையதை நீட்டினார். எழும்போது தொடையைப் பிடித்துக்கொண்டார். புது மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து கால் சதை இழுக்கிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விறகு தூக்குகிற ஆளுக்குக் கால் வலிப்பதில் என்ன அதிசயம் என்று கந்தவேல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“ஷேடு வந்துருச்சுங்களா பாருங்க மாஸ்டர்.”

நாற்பத்தெட்டு என்று இருந்தது. கந்தவேலுடையது ஐம்பத்தொன்று. இரண்டுமே டார்கெட்டுக்குக் கீழே. கந்தவேல் சட்டைப் பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்து, ஆறுச்சாமியின் ரிப்போர்ட்டில் அந்த நாற்பத்தெட்டுக்குப் பக்கத்தில் ‘ஓகே’ என்று எழுதி, கீழே ஒரு ‘க’ போட்டார்.

“பாஸாயிட்டீங்க அண்ணா. தண்ணியத் தொறந்து உட்டுருங்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் ஆறுச்சாமி சிரிப்பை நிறுத்திவிட்டு, “நெசமாலுமேவா? அப்ப இந்த மாத்திரை?” என்று கேட்டார்.

அது விளையாட்டில்லை, நிஜமான கேள்வி. அந்த இடத்தில் கந்தவேல், ‘டாக்டரைக் கேளுங்கண்ணா’ என்று சொல்லியிருக்கலாம். நாலே எட்டில் போன் இருந்தது. ஆனால் இருபத்தாறு வருஷமாக யாரையும் கேட்காமல் ஓகே போட்ட கை அது.

“ஷேடு வந்தப்பறம் எவனாச்சும் சாயம் கொட்டுவானுங்களா? ரத்தம் கட்டாம இருக்கறதுக்குப் போடறம் பாருங்க, அத உட்டுறாதீங்க. கொழுப்பு மாத்திரைக்கு வேல முடிஞ்சுதுங்ணா. அதுக்கு மேல போட்டா ஒடம்புக்குத்தான் கேடு.”

ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டுத் தான் தப்பித்துக்கொள்கிற ஆள் இல்லை கந்தவேல். அன்றைக்கே அவரும் நிறுத்தினார். இதை அவருடைய பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். தன் ஓகேயில் அவருக்கு அத்தனை நம்பிக்கை. பத்து நாளில் ஆறுச்சாமிக்குக் கால் வலி விட்டுப்போனது. “மாஸ்டர் சொன்னது கரெக்ட்டு,” என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஜூலையில் போக வேண்டிய செக்கப்புக்கு இரண்டு பேரும் போகவில்லை. கிறிஸ்துமஸ் ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. உடம்பிலும் ஒரு குறையுமில்லை.

நவம்பரில் ஒரு காலை ஷிப்டில், பாய்லர் வாய்க்கு முன்னால், விறகுக் கட்டையைக் கையில் வைத்தபடியே ஆறுச்சாமி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவில்லை. ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கட்டையை அவர் கையிலிருந்து எடுத்தது கந்தவேல்.

அன்று சாயங்காலம் மயானத்திலிருந்து வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு படுத்தார். மறுநாள் காலையில் எழுந்ததும் முதல் காரியமாக அலமாரிக்குப் பின்னால் கிடந்த பழைய அட்டையைத் தேடி எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கித் தண்ணீர்கூட இல்லாமல் முழுங்கினார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கை தானாகப் போனது. தொண்டையில் அது சிக்கிக்கொண்டு நின்றபோதுதான், தான் என்ன செய்தோம் என்பது அவருக்கே தெரிந்தது.

மூன்றாம் நாள் ரத்தம் கொடுத்தார். நூற்று முப்பத்து நாலு. அதை எடுத்துக்கொண்டு தனியாக டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். பைக்கின் பின் இருக்கை காலியாக இருந்ததை வழியெல்லாம் முதுகு சொல்லிக்கொண்டே வந்தது.

“போன தடவை அம்பத்தொண்ணுங்களே, அதான் நிறுத்திட்டனுங்க,” என்றார் அவர். “வந்த ஷேடு எப்படிங்க மேடம் போகும்?”

டாக்டர் அந்த நூற்று முப்பத்து நாலைப் பேனாவால் வட்டமிட்டார். “அந்த அம்பத்தொண்ணு மாத்திரையோட நம்பர்ங்க. உங்க நம்பர் இல்ல. துணியில சாயம் ஏறினா ஏறினதுதான். உடம்பு அப்படி இல்லீங்க, அது தினமும் கொழுப்பைச் செஞ்சுட்டே இருக்கும். மாத்திரையும் தினமும் போய்த் தடுத்துட்டே இருக்கணும். நிறுத்தின சில வாரத்துலயே பழையபடி ஏறிருச்சு, நீங்க பாக்கல, அவ்வளவுதான்.”

கந்தவேல் ஆறுச்சாமி இறந்ததைச் சொன்னார். அவரும் நிறுத்தியிருந்தார் என்பதையும் சொன்னார். “அதனாலதானுங்களா மேடம்?”

“ஒருத்தருக்கு இதனாலதான் வந்துதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. போட்டிருந்தா வாய்ப்பு குறைஞ்சிருக்கும். அதை அடிச்சுச் சொல்லுவேன்.” டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “அவர் எதுக்கு நிறுத்தினார்? கால் வலியா? என்கிட்ட வந்திருந்தா அளவை மாத்திக் கொடுத்திருப்பேனே. யார் சொல்லி நிறுத்தினார்?”

கந்தவேல் ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு நாளும் அவர் ஒழுங்காக வேலைக்குப் போனார். ஒழுங்காக மாத்திரை போட்டார். ஓகே போடும் முன்னால் மட்டும் துணியை இரண்டாம் தடவையும் விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவர் மனைவி கோமளா சொன்னாள்:

“பாவமுங்க தெய்வாத்தாக்கா. புருசனப் பறிகுடுத்துட்டு நிக்கறது பத்தாதுன்னு, அவங்க நங்கையா பேசற பேச்சு காது குடுத்துக் கேக்க முடியல. எண்ணெயும் கறியுமாப் போட்டு என்ற தம்பியக் கொன்னுட்டாள்னு போறவங்க வாரவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருக்குது.”

தெய்வாத்தாள் ஆறுச்சாமியின் மனைவி. நங்கையா என்றால் நாத்தனார், ஆறுச்சாமியின் அக்கா பெரியாத்தாள். கந்தவேல் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். பேசாமல் இருப்பதும் ஒரு ஓகேதான் என்று அவருக்குத் தெரியாமலில்லை.

பதினைந்தாம் நாள், கருமாதிக்கு முந்தின நாள் காலை, பட்டறை ஆபீஸில் கூப்பிட்டு, இன்ஷூரன்ஸுக்கு ஆறுச்சாமியின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் வேண்டும், அந்த வீட்டில் உங்களுக்குத்தான் பழக்கம், வாங்கி வந்துவிடுங்கள் என்றார்கள். அந்தக் காகிதங்களில் ஒன்றில் பச்சை மை இருக்கிறது. ஆபீஸ்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த பச்சை மை. போகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டார். அந்த ஒரு தாளை மட்டும் தனியாக எடுத்துவிட வேண்டும். ரிப்போர்ட் ஒன்று குறைந்தால் யாரும் தேடப்போவதில்லை.

ஒரே வாசலுக்கு ஆறு வீடு இருக்கிற வரிசையில் மூன்றாவது ஆறுச்சாமியின் வீடு. முன்னறையில் மாலை போட்ட படமும் விளக்கும். அதற்கு எதிரே பாயை முழுக்க அடைத்துக்கொண்டு பெரியாத்தாள் உட்கார்ந்திருந்தாள். பாய்க்கு வெளியே, வெறுந்தரையில், சுவரை ஒட்டித் தெய்வாத்தாள். பதினைந்து நாளில் முகம் பாதியாகியிருந்தது.

“வாங்க தம்பி,” என்றாள் பெரியாத்தாள். அவளுக்குக் காது மந்தம். தனக்குக் கேட்காதது போல மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்துப் பேசுகிறவள். அவள் பேசினால் ஆறு வீட்டுக்கும் கேட்கும். “சாப்பிட்டீங்களா? இங்கத்த ஒண்ணும் சாப்பிட்டுராதீங்க. இவ கை பட்ட சோறு என்ன பண்ணுமுன்னு என்ற தம்பியப் பாத்தாத் தெரியுமே.”

வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தெய்வாத்தாள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்து வந்து கந்தவேல் கையில் கொடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு ஆறுச்சாமி பைக்கில் வருவாரே, அதே பை.

“எது என்னன்னு எனக்குத் தெரியாதுங்க மாஸ்டர். நீங்களே பாத்து எடுத்துக்குங்க.”

கந்தவேல் பெரியாத்தாளின் கண்ணில் படாமல் உள்ளே தள்ளிப் போய், சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அடியில் கையை விடாமலே பச்சை தெரிந்துவிட்டது. அவர் கண்ணுக்குத் தப்பாத நிறம். ‘ஓகே’. கீழே ‘க’. அந்தக் ‘க’வுக்கு வாலை நீட்டிவிட்டிருந்தார், மனசு சந்தோஷமாக இருக்கும்போது அப்படித்தான் போடுவார். தெய்வாத்தாள் சமையலறைப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். ஒரு நொடி வேலை. இனி ஒருத்தருக்கும் தெரியாது.

“டீ வெக்கறனுங்க,” என்று தெய்வாத்தாள் அடுப்பில் தண்ணீரை ஏற்றிவிட்டு வந்தாள். சமையலறை வாசலில் ஒரு எண்ணெய் டின் சாக்குப் போட்டு மூடியிருந்தது. காங்கேயத்து எண்ணெய் மில்லில் வேலை செய்கிற அவள் அண்ணன் மாசம் ஒரு தடவை கொண்டுவந்து கொடுக்கிற தேங்காயெண்ணெய். கந்தவேலின் பார்வை அதன் மேல் நின்றதைப் பார்த்துவிட்டாள்.

“பதினஞ்சு நாளா அதத் தொடலீங்க,” என்றாள் மெதுவாக. “ஒண்ணு கேக்கறனுங்க மாஸ்டர், உங்களுக்கும் அதே நோவுதான, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஸ்டென்ட் வெச்சதுல இருந்து எண்ணெயப் பாதியாக் கொறச்சுட்டனுங்க. கறி மாசத்துக்கு ஒருக்கா. மஞ்சக்கரு குடுக்கறதில்லீங்க. தீபாவளியன்னிக்கு மட்டும் கொழம்புல ரெண்டு துண்டு கொழுப்பு போடுன்னு ஆசையாக் கேட்டாரு. போட்டனுங்க. அதுக்குப் பத்தாம் நாளுத்தான் இப்படி ஆயிருச்சு. அந்த ரெண்டு துண்டுதானுங்களா மாஸ்டர்? வெச்ச ஒவ்வொரு நாளுச் சோத்தையும் நெனச்சு நெனச்சுப் பாக்கறனுங்க. வேற ஒண்ணும் எனக்குத் தோண மாட்டேங்குது.”

கந்தவேல் தரையில் கிடந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

“மாத்திரையாச்சும் போட்டிருந்தா மனசு ஆறும்,” என்று அவளே தொடர்ந்தாள். பையிலிருந்து வெளியே விழுந்த ஒரு மாத்திரை அட்டையைக் குனிந்து எடுத்தாள். நாலு குழி காலி, ஆறில் மாத்திரை இருந்தது. “இது எதுக்குங்க மீதியின்னு அப்பவே கேட்டனுங்க. ‘நிறுத்தச் சொல்லிட்டாங்க’ன்னாரு. டாக்டரம்மாவே சொல்லியிருப்பாங்கன்னு நானும் அதுக்கு மேல கேக்கல.”

நிறுத்தச் சொல்லிட்டாங்க.

கந்தவேல் அந்த வார்த்தையை இரண்டாம் தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். தன்னைவிட நாலு வயது சின்னவனைப் பற்றி, வீட்டுக்குள்ளே, பெண்டாட்டியிடம் பேசும்போதுகூட ஆறுச்சாமி ‘சொல்லிட்டான்’ என்று சொல்லவில்லை, ‘மாஸ்டர் சொல்லிட்டாரு’ என்றுகூடச் சொல்லவில்லை. டாக்டருக்குக் கொடுக்கிற மரியாதையைக் கொடுத்திருக்கிறார். அந்த மரியாதைதான் இவளை அதற்கு மேல் கேட்கவிடாமல் செய்தது. மயானத்தில் வராத அழுகை கந்தவேலுக்கு அப்போது வந்தது.

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். விரித்துத் தரையில் வைத்து, மடிப்பைக் கையால் நீவினார்.

“டாக்டரம்மா சொல்லலீங்கக்கா.”

தெய்வாத்தாள் குனிந்து பார்த்தாள்.

“இது என்ற கையெழுத்துங்க. கொழுப்பு எறங்கிருச்சு, இனி மாத்திரை வேண்டாமுன்னு அண்ணங்கிட்டச் சொன்னது நானுங்க. டாக்டரம்மா ஆயுசுக்கும் விடக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. ரெண்டு பேரும் கேட்டம். நானு என்ற பட்டறைப் புத்திய வெச்சு, ஷேடு வந்துருச்சு, போதுமுன்னு சொல்லிப்போட்டனுங்க. அண்ணன் என்னய நம்பி நிறுத்துனாரு. உங்க சோத்துல ஒண்ணுமில்லீங்கக்கா. அந்த ரெண்டு துண்டுல ஒண்ணுமில்ல.”

அவர் பேசி முடித்த பிறகும் அவள் அந்தப் பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் டீத்தண்ணீர் கொதித்து வழிந்து நெருப்பு அணைந்தது. அவள் போய் கேஸை மூடிவிட்டு வந்தாள். வந்து நின்றவள் கேட்டது கந்தவேல் எதிர்பார்க்காத கேள்வி.

“நீங்களும் நிறுத்துனீங்களா?”

“நிறுத்துனனுங்க. அதே நாளு.”

“இப்ப?”

பொய் சொல்ல இன்னும் ஒரு இடம் இருந்தது. கந்தவேல் அதையும் விட்டுவிட்டார். “இப்ப போடறனுங்க.”

“எப்ப இருந்து?”

“அண்ணன் போனதுக்கு மக்யா நாளு காலைல இருந்துங்க.”

மக்யா நாள் என்றால் மறுநாள். தெய்வாத்தாள் அதை மனசுக்குள் வைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

“அப்ப பதினாலு நாளா உங்களுக்குத் தெரியுமுங்க,” என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. திட்டவில்லை. அழவும் இல்லை. அவள் ஓங்கி அறைந்திருந்தால் கந்தவேல் பிழைத்திருப்பார். பதினாலு நாளும் அவள் வெறுந்தரையில் உட்கார்ந்து வாங்கிய ஏச்சு ஒவ்வொன்றும் தன் மாத்திரையோடு சேர்ந்து தன் தொண்டை வழியாக இறங்கியது என்பதை அவர் அன்றைக்குத்தான் கண்டார்.

“என்ன, அங்க குசுகுசுன்னு?” என்றாள் பெரியாத்தாள் பாயிலிருந்து. “என்ன சொல்றாரு மாஸ்டரு?”

தெய்வாத்தாள் தரையிலிருந்த தாளை எடுத்து, மறுபடி மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். மற்ற காகிதங்களைப் பைக்குள் போட்டுக் கந்தவேலிடம் கொடுத்தாள்.

“இது எனக்கு வேணுமுங்க. மத்ததெல்லாம் ஆபீஸுக்குக் கொண்டுபோங்க,” என்றாள். அப்புறம் முன்னறையைக் காட்டினாள். “நங்கையாளுக்குக் காது கேக்காது மாஸ்டர். எங்கிட்டச் சொன்னத அங்க வந்து சொல்லுங்க. எனக்குச் சொன்னாப்பல மெதுவாச் சொன்னா ஆகாதுங்க.”

கந்தவேல் பையைக் கீழே வைத்துவிட்டு முன்னறைக்குப் போனார். உட்காரவில்லை. ஆறுச்சாமியின் படத்துக்கும் பெரியாத்தாளுக்கும் நடுவில் நின்று சொன்னார்.

“என்ன தம்பி?” என்றாள் பெரியாத்தாள், காதருகே கையைக் குவித்துக்கொண்டு.

இன்னொரு தடவை சொன்னார். பாதியில் குரல் உடைந்து, மீதி காற்றாகப் போய்விட்டது. வாசல் குழாயை யாரோ மூடினார்கள். குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது.

“சத்தமா,” என்றாள் பின்னாலிருந்து தெய்வாத்தாள்.

கந்தவேல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். பட்டறையில் எட்டு மெஷின் ஒன்றாக ஓடும்போது அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகின தொண்டை அது.

“ஆறுச்சாமியண்ணன் போனது சாப்பாட்டுல இல்லீங்க. மாத்திரைய நிறுத்தச் சொன்னது நானுங்க. நாந்தான் ஓகே போட்டனுங்க.”

இந்தத் தடவை பெரியாத்தாளுக்குக் கேட்டது. ஆறு வீட்டுக்கும் கேட்டது. பெரியாத்தாள் தரையில் கையை ஊன்றி, உடம்பைச் சிரமப்பட்டு நகர்த்தி, பாயில் பாதியை விட்டுக் கொடுத்தாள்.

தெய்வாத்தாள் அந்தப் பாயைப் பார்த்தாள். உட்காரவில்லை. திரும்பிச் சமையலறைக்குப் போய், எண்ணெய் டின்னின் மேல் கிடந்த சாக்கை எடுத்து உதறி மடித்து வைத்துவிட்டு, சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.